தகரக் கூரை குடோனில் கோடை ஷிஃப்ட்: உடம்பு சூடேறாமல் வேலையை முடிக்க முழு வழிகாட்டி

வெக்கை தாங்காமல் குடோனுக்குள் சாய்ந்து, நானே கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தவர்கள் 3 பேர். மூவருமே இளைஞர்கள், நல்ல உடற்கட்டு, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். அதே நேரம் 50 வயதைத் தாண்டிய பழைய ஆட்கள் அதே கன்டெய்னரில் அதே பெட்டிகளை நிதானமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

லோடு இறக்கியது 4 கோடை, ஷிஃப்ட் சூப்பர்வைசராக நின்றது 7 கோடை. இத்தனை நாளில் பார்த்தது இதுதான்: பழைய ஆள் முந்தின ராத்திரியே தயாராகிவிடுகிறார். புது ஆள் மதியம் 2 மணிக்குக் கண் இருட்டும்போதுதான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஓடுகிறார். அதற்குள் சூடு உள்ளே இறங்கியிருக்கும். ஏறாமல் பார்த்துக்கொள்வது சுலபம், ஏறியதை இறக்குவதுதான் கஷ்டம். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அளவுக்கோடு போட்ட 1 லிட்டர் பாட்டில் 2. மாற்றுப் பனியன் 2, மாற்று சாக்ஸ் 1 ஜோடி. கழுத்தில் போட ஒரு பருத்தித் துண்டு. ஓஆர்எஸ் பாக்கெட் சில.

குழுவுக்குப் பொதுவாக வேண்டியவை: வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் ஒரு மீட்டர், ஐஸ் போட்ட தண்ணீர்ப் பெட்டி, முழங்கை வரை கை நனையும் அளவுக்கு ஒரு அகலமான தொட்டி, தண்ணீர்க் குழாய். குழாய் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மயங்கிய பிறகு குழாய்க்கு ஹோஸ் தேடி அலைந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

1. முதல் இரண்டு வாரத்துக்குத் தனிக் கணக்கு

வெக்கையால் வேலையிடத்தில் நேரும் சாவுகளில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே நடக்கிறது. உடம்பு வெக்கைக்குப் பழக 7 முதல் 14 நாள் எடுக்கும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பு குறைவாகப் போகும், அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். இதற்கு மனத்திடமோ கைப்பலமோ குறுக்குவழி ஆகாது. ஏசி ஜிம்மில் எடுத்த உடற்பயிற்சியும் அவ்வளவாக உதவாது.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் சொல்லும் கணக்கை நாங்கள் அப்படியே பின்பற்றினோம். புது ஆள் முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம் மட்டுமே வெக்கையில் வேலை செய்ய வேண்டும். பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டலாம், அதற்கு மேல் கூடாது. 8 மணி நேர ஷிஃப்டில் முதல் நாள் கன்டெய்னருக்குள் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வரும். மீதி நேரத்துக்கு லேபிள் ஒட்டுவது, எண்ணிக்கை சரிபார்ப்பது என்று நிழலான வேலை கொடுங்கள்.

அனுபவசாலிகள் நீண்ட விடுப்பு முடித்துத் திரும்பினால் முதல் நாள் 50 சதவீதம், இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழு வேலை. ஒரு வாரத்துக்கு மேல் விட்டாலே பழக்கம் கரையத் தொடங்கும். "பத்து வருஷமா இதே வேலை பார்க்கிறேன் சார்" என்று சொல்கிறவரையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். அவருக்கு வேலை மறந்திருக்காது, உடம்புக்கு வெக்கை மறந்திருக்கும்.

வழக்கமான தவறு: புது ஆளைப் பழைய ஆளோடு ஜோடி போட்டு "அவர் வேகத்துக்கு வா" என்று விடுவது. ஜோடி போடுவது நல்லதுதான். வேகத்தைப் புது ஆளை வைத்து முடிவு செய்யுங்கள்.

2. முந்தின இரவு

ராத்திரி சரியாகத் தூங்காதவருக்கு மறுநாள் வெக்கை சீக்கிரம் ஏறும். மது குடித்திருந்தால் தூக்கமும் கெடும், நீரும் சிறுநீராக வெளியே போகும். அந்த நாளில் கன்டெய்னர் வேலை வேண்டாம்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், சளி-அலர்ஜி மாத்திரை சில, மனநல மருந்துகள் சில ஆகியவை உடம்பு சூட்டை வெளியேற்றும் வழிகளைக் குறைக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது, அது வேறு ஆபத்து. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் சூப்பர்வைசரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். வேலையை மாற்றிக் கொடுப்பது, ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட எந்த சூப்பர்வைசருக்கும் சுலபம்.

காலையில் முதல் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் நேற்றைய கடன் இன்னும் தீரவில்லை. வேலைக்குக் கிளம்புவதற்குள் அரை லிட்டர் தண்ணீரை நிதானமாகக் குடியுங்கள்.

3. கை வைக்கும் முன் இடத்தைப் பாருங்கள்

வெப்பநிலை எண் ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காற்று உலர்ந்திருக்கும் 40 டிகிரி செல்சியஸைவிட, ஈரம் ஊறிய 34 டிகிரி உடம்பை அதிகம் வதைக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. தொழிற்சாலைகளில் வெக்கையை மதிப்பிடும் அளவீட்டில், கட்டடத்துக்குள் என்றால் 70 சதவீத எடை ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கும் 30 சதவீதம் கருப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானிக்கும் போகிறது. முன்னது புழுக்கத்தைக் காட்டும், பின்னது கூரையும் சுவரும் வீசும் அனலைக் காட்டும்.

அந்த அனலை மீட்டர் இல்லாமலும் உணரலாம். தகரக் கூரைக்கு நேர் கீழே நின்று உச்சந்தலைக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். அடுப்புக்கு எதிரே கை நீட்டியது போல இருந்தால், காற்று என்ன டிகிரியாக இருந்தாலும் அந்த இடத்தில் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும்.

குடோனுக்குள் எல்லா இடமும் ஒன்றல்ல. வெயிலில் நின்ற கன்டெய்னரின் உள்கோடிதான் மோசம். அடுத்து மேல் ரேக், ஏனென்றால் சூடான காற்று மேலேதான் தங்கும். கீழே நிற்கும் சூப்பர்வைசருக்கு 33 டிகிரி காட்டும்போது, மேல் தட்டில் பெட்டி எடுப்பவர் வேறு ஊரில் இருக்கிறார். மதியத்துக்கு மேல் மேற்குச் சுவரோரம், பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கிச் சுருக்கும் ஷ்ரிங்க் பேக்கிங் மெஷின் பக்கம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். இந்த இடங்களை ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்குத் தேவைப்படும்.

4. வேலையின் வரிசையை மாற்றுங்கள்

தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளிவருகிறது. வெளிவெக்கை பாதி என்றால், நீங்களே உண்டாக்கும் வெக்கை மீதி. மின்விசிறியாலோ தண்ணீராலோ இதைக் குறைக்க முடியாது. வேகத்தையும் பாரத்தையும் குறைத்தால்தான் குறையும்.

எனவே கன்டெய்னர் இறக்குவதும் மேல் ரேக் வேலையும் விடிகாலையில். ஸ்கேனிங், பேக்கிங், கணக்கு எல்லாம் மதியம். லாரி மதியம்தான் வருகிறது என்றால் உடனே ஆளை உள்ளே அனுப்பாமல் முதலில் கதவை அகலத் திறந்து விடுங்கள். அடைபட்ட காற்று வெளியேறட்டும். லாரி நின்று சரக்கு இறக்கும் டாக்கில் நிழல் இருந்தால் அங்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

கன்டெய்னருக்கு ஒரே கதவு. இங்கேதான் பெரும்பாலானோர் மின்விசிறியை வாசலுக்கு நடுவில் வைத்துவிட்டு "காத்து வரலையே" என்பார்கள். உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வாசலிலேயே சுற்றும். விசிறியை ஒரு பக்கச் சுவரோரமாக நகர்த்தி, அதே சுவரையொட்டி உள்கோடியைப் பார்த்தபடி திருப்புங்கள். காற்று அந்தப் பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பும். உள்ளே நிற்பவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ரேப் துண்டைப் பிடித்துக்கொண்டால் அது ஆடுகிறதா என்று பார்த்தே கோணத்தைச் சரிசெய்யலாம். ஒரு நிமிட வேலைதான்.

உள்ளே இருப்பவரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். களைத்த பிறகு மாற்றுவது என்று வைத்தால் யாருமே களைத்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடிகாரம் சொல்லட்டும்.

ஹேண்ட் பேலட் டிரக் (பெட்டி அடுக்கிய பேலட் தட்டைக் கையால் இழுக்கும் வண்டி), ரோலர் எது கிடைத்தாலும் பயன்படுத்துங்கள். குனிந்து தூக்கிச் சுமந்து நடக்கும் ஒவ்வொரு பெட்டியும் உடம்புக்குள் போடும் விறகு.

5. காற்றும் வியர்வையும்

1 லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலிருந்து ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தரையில் சொட்டிய வியர்வை எதையும் எடுத்துப் போகாது, உப்பையும் நீரையும் இழந்ததுதான் மிச்சம். ஆகவே தோலை அடிக்கடி வறவறவென்று துடைக்காதீர்கள். கண்ணில் இறங்குவதை மட்டும் ஒற்றி எடுங்கள், மற்றது காற்றில் காயட்டும்.

காற்று உடம்புச் சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை மின்விசிறி நன்றாக உதவும். 40 டிகிரியைத் தாண்டினால் அதே விசிறி அனல் காற்றை மேலே ஊதி உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த நேரத்தில் விசிறியை மட்டும் நம்பாமல் குளிர்ந்த இடத்துக்குப் போக வேண்டும்.

ஏர் கூலர் உலர்ந்த காற்றில் அருமையாக வேலை செய்யும். ஏற்கெனவே புழுங்கும் குடோனில், கதவை அடைத்துக்கொண்டு ஓட்டினால் ஈரத்தைக் கூட்டி நிலைமையைக் கெடுக்கும். எதிரெதிர்க் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

6. உடை

உள்ளே மெல்லிய, தளர்வான பனியன். பருத்தியோ வியர்வையை உறிஞ்சிப் பரப்பும் விளையாட்டுத் துணியோ, எது உங்களுக்குச் சிராய்க்கவில்லையோ அது. தூரத்திலிருந்தே தெரிவதற்காகப் போடும் பளிச் நிற வெஸ்ட் வலைத்துணியில் தைத்ததாகக் கிடைத்தால் அதைக் கேளுங்கள், பிளாஸ்டிக் தாள் போன்றது காற்றை அடைக்கும்.

ஷூ, ஹெல்மெட், கையுறையைக் கழற்ற வேண்டாம். வெயிலில் கிடந்த கன்டெய்னர் தாழ்ப்பாள் கையைச் சுட்டுவிடும். கழற்றுவதெல்லாம் ஓய்வு இடத்தில்.

மதியத்தில் பனியனையும் சாக்ஸையும் மாற்றுங்கள். வேர்க்குரு வந்த இடத்தில் வியர்வைக் குழாய்கள் அடைபட்டிருக்கும், அந்தப் பகுதி சரியாக வியர்க்காது. அரிப்பு மட்டுமே பிரச்சினை என்று நினைக்காதீர்கள். அங்கே கொழகொழப்பான களிம்பைப் பூசி இன்னும் அடைக்கவும் வேண்டாம்.

ஐஸ் வெஸ்ட் கனமானது, உருகியதும் வெறும் சுமை. அதை இடைவேளையில் போட்டுக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. நனைத்துப் போடும் வகை வெஸ்ட் புழுக்கத்தில் பயன்படாது.

7. தண்ணீர்: தாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம்

15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர், அதாவது 240 மில்லி. மணிக்கு ஏறத்தாழ முக்கால் முதல் 1 லிட்டர் வரும். தாகம் எடுக்கும்போது உடம்பு ஏற்கெனவே பின்தங்கியிருக்கும், அதனால்தான் கடிகாரக் கணக்கு. பெட்டிகளை வைத்தும் எண்ணலாம்: எங்கள் ஆட்கள் ஒரு பேலட் முடிந்தால் ஒரு தம்ளர் என்று வைத்துக்கொண்டார்கள்.

மேல் வரம்பும் உண்டு. மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் குடிக்காதீர்கள். வெறும் தண்ணீரை ஒரேயடியாக ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். பார்ப்பவர்கள் "தண்ணி பத்தலை" என்று மேலும் ஊட்டுவார்கள், அது உயிருக்கே ஆபத்து.

நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு 2 மணி நேரம் வரை வேலை செய்தால் தண்ணீரே போதும். அதைத் தாண்டி வியர்வை கொட்டினால் இடையில் ஓஆர்எஸ். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்து "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று குடித்தவர்களுக்கு வயிறுதான் கலங்கியது. உப்பு மாத்திரை வேண்டாம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஓஆர்எஸ் பற்றியும் மருத்துவரைக் கேட்க வேண்டும். எனர்ஜி டிரிங்க் வகையறாவைத் தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு போதும் என்று சந்தேகமா? ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், பார்சல் தராசு பக்கத்திலேயே இருக்கிறது. குறைந்த 1 கிலோ என்பது ஏறத்தாழ 1 லிட்டர் நீர். 70 கிலோ ஆளுக்கு 1.4 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 2 சதவீதத்தைத் தாண்டினால், நாளைக்கு அதிகம் குடிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கழிப்பறை தூரத்தில் இருக்கிறது, அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் ஏராளம். பெண்கள் இன்னும் அதிகம். இது தொழிலாளியின் தவறு இல்லை. சூப்பர்வைசராக இருந்தால், குடிக்கச் சொல்லும் அதே வாயால் "போய்ட்டு வாங்க" என்பதையும் சொல்லுங்கள்.

8. இடைவேளை

கன்டெய்னர் வாசலில் பேலட் மேல் உட்கார்வது ஓய்வு ஆகாது. உடம்பு அங்கேயும் சூட்டை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். ஏசி அலுவலகம், மர நிழல், கூரை அனல் படாத மூலை, எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நீண்ட இடைவேளையைவிட, அடிக்கடி எடுக்கும் குறுகிய இடைவேளை நல்லது. சூடு குவிய நேரம் கிடைக்காது.

உட்கார்ந்ததும் வெஸ்ட், ஹெல்மெட், கையுறையைக் கழற்றுங்கள். கைகளை முழங்கை வரை குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் 10 நிமிடம் அமிழ்த்துங்கள். கைகளில் ரத்த ஓட்டம் தோலுக்கு அருகில் இருப்பதால் சூடு வேகமாக இறங்கும். தீயணைப்பு வீரர்களும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் தொட்டிக்கு வரிசை நிற்கும்.

ஓய்வு போதுமா என்பதை நாடி சொல்லும். உட்கார்ந்த உடனே மணிக்கட்டில் 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 110-ஐத் தாண்டினால் அடுத்த வேலைச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். இடைவேளையைக் குறைக்காதீர்கள்.

9. பக்கத்து ஆளைக் கவனியுங்கள்

சூடு தலைக்கேறியவருக்கு அது தெரியாது. மூளைதான் முதலில் தடுமாறுகிறது. நான் தூக்கிவந்த ஒருவர், அதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரே பெட்டியில் மூன்று லேபிள் ஒட்டியிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். அவரும் சிரித்தார். அப்போதே வெளியே கூட்டி வந்திருக்க வேண்டும்.

கெண்டைக்கால், வயிற்றுத் தசை இழுத்துப் பிடித்தால்: வேலையை நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து ஓஆர்எஸ். ஒரு மணி நேரத்தில் விடவில்லை என்றால் மருத்துவர்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கொட்டும் வியர்வை, தளர்ச்சி என்றால்: குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, தோலை நனைத்து விசிறுங்கள். சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். அன்றைக்கு மீண்டும் வேலைக்கு அனுப்பாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள்.

பேச்சு குழறல், சம்பந்தமில்லாத கோபம், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு: இது வெப்ப வாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தொட்டிருக்கும். வியர்வை நின்றால்தான் வெப்ப வாதம் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. உடலுழைப்பில் வருவதில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும், மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்குங்கள். வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஷூ, வெஸ்ட், சட்டையைக் கழற்றி, குளிர்ந்த தண்ணீரை உடம்பெல்லாம் விடாமல் ஊற்றி, விசிறியைத் திருப்புங்கள். பெரிய தொட்டி இருந்தால் ஐஸ் தண்ணீரில் கழுத்து வரை அமிழ்த்தி, தலையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ளலாம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். "சூட்டோடு பச்சைத் தண்ணி ஊத்தக் கூடாது, ஜன்னி வந்துடும்" என்று கூட்டத்தில் யாராவது தடுப்பார்கள். கேட்காதீர்கள், இங்கே ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் ஈரலுக்கும் கணக்கு. குழம்பியிருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதில் வேலை செய்யாது.

10. ஷிஃப்ட் முடிந்த பிறகு

எடை பார்த்து, குறைந்ததை அடுத்த சில மணி நேரத்தில் தண்ணீராலும் சாப்பாட்டாலும் ஈடுகட்டுங்கள். குளியுங்கள், குளிர்ந்த இடத்தில் தூங்குங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் கடும் வெக்கை இருந்தால் நேற்றைய சோர்வோடுதான் இன்று தொடங்குகிறீர்கள். மூன்றாம் நாள் வேகத்தை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர் தேநீர் நிறத்தில் அல்லது கோலா நிறத்தில் போனால், அதோடு தசையெல்லாம் அடித்துப் போட்டது போல வலித்தால், வெறும் நீரிழப்பு என்று விட்டுவிடாதீர்கள். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலையாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை.

ஒருமுறை வெக்கையில் சாய்ந்தவர் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே திரும்ப வேண்டும். திரும்பும்போது எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் புது ஆள் கணக்குதான்: முதல் நாள் 20 சதவீதம்.